தற்காலிகமாக வந்த சட்டம்: பயங்கரவாதத்தை எதிர்த்துப் பிரித்தானியா கற்ற பாடங்கள்

மாரி காலத்திற் கூரை ஒழுகினால், கையில் அகப்பட்ட ஓர் ஓலையை எடுத்து அவ்விடத்திற் செருகிவிடுகின்றோம். “இது தற்காலிகந்தான், மழை விட்டதும் கூரையைப் பிரித்து ஒழுங்காக வேய்வோம்” என்று வீட்டாருக்குக் கூறுகின்றோம். மழை விடுகின்றது, வெயில் வருகின்றது, அடுத்த மாரியும் வந்துவிடுகின்றது. செருகிய ஓலை மட்டும் செருகிய இடத்திலேயே இருக்கின்றது. நாளடைவில் அதுவும் கூரையின் ஒரு பகுதியே என்று நாம் எண்ணத் தொடங்கிவிடுகின்றோம்.

வீட்டுக் கூரைக்கு மட்டுமன்றி, நாட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும். பெரியதோர் அச்சம் நாட்டைப் பிடித்து உலுக்கும்போது, அரசாங்கம் அவசர அவசரமாக ஒரு சட்டத்தை இயற்றுகின்றது. “இது தற்காலிகமானது” என்று மக்களுக்கு உறுதியும் கூறுகின்றது. மக்களும் அதனை விரும்பி ஏற்கின்றனர். ஆனால் அச்சம் தணிந்த பின்னரும் சட்டம் நிலைத்து நிற்கின்றது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பிரித்தானியாவின் வரலாறு. பாராளுமன்ற ஆட்சியின் தாயகம் என்றும், தனிமனித சுதந்திரத்தின் காவலரண் என்றும் புகழப்பட்ட நாடு அது. அந்நாடு பயங்கரவாதத்தை எவ்வாறு எதிர்த்தது, எவ்விடத்தில் வழுவிற்று, அதன் மக்களுடைய மனம் எவ்வாறு மெல்ல மெல்ல மாறிற்று என்பவற்றை இங்கு நோக்குவோம்.

பழைய பிணக்கு

பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான பிணக்கு நூற்றாண்டுகள் பழைமையானது. 1867ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டனில் கிளார்க்கன்வெல் என்னுமிடத்துச் சிறைச்சாலையிலிருந்து தம் தோழர் ஒருவரை விடுவிக்கும் பொருட்டு, ஐரிஷ் விடுதலை இயக்கத்தினர் சிறைமதிலை வெடிவைத்துத் தகர்த்தனர். மதில் இடிந்தது, ஆனால் அருகே இருந்த ஏழைத் தொழிலாளர் வீடுகளும் உடன் இடிந்து, 12 பேர் மாண்டனர். 1880களில் லண்டன் நகரிற் பல இடங்களில் வெடிகள் வெடித்தன. உடனே, 1883இல், வெடிபொருட் சட்டம் ஒன்று மிக விரைவாக நிறைவேற்றப்பட்டது. ஐரிஷ்காரரைக் கண்காணிப்பதற்கென்றே பொலிஸில் ஒரு தனிப் பிரிவும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது.

அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, வடபாலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடன் நின்றன. அங்கே புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவ்வட அயர்லாந்தில் 1922ஆம் ஆண்டு விசேட அதிகாரச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. விசாரணையின்றி ஒருவரைத் தடுத்துவைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அதன் ஆயுள் ஓர் ஆண்டு என்றே முதலில் வரையறுக்கப்பட்டது. பின்னர் மீண்டும் மீண்டும் அது புதுப்பிக்கப்பட்டது, 1933இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஓராண்டுக்கென வந்த சட்டம் ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆட்சி செலுத்திற்று!

1939இலும் இதே கதைதான். ஐரிஷ் குடியரசுப் படையினர் இங்கிலாந்தின் நகரங்களிற் குண்டுகளை வைக்கவே, அவ்வாண்டு ஜூலையில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு ஒரு சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கென்று கூறப்பட்ட அது, உலகப் போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே வழக்கொழிந்தது.

தேநீர் கொடுத்த கைகள்

1960களின் இறுதியில் வட அயர்லாந்துக் கத்தோலிக்கர் வீட்டு வசதி, தொழில், உள்ளூராட்சி வாக்குரிமை ஆகியவற்றிற் சமவுரிமை கோரி ஊர்வலம் சென்றனர். கலவரம் மூண்டது. 1969 ஆகஸ்டில் பிரித்தானிய இராணுவம் தெருவில் இறங்கிற்று. அப்பொழுது கத்தோலிக்கப் பகுதிகளிலுள்ள தாய்மார், தம்மைக் காக்க வந்தவர்கள் இவர்கள் என்று எண்ணி, போர்வீரருக்குத் தேநீர் வார்த்துக் கொடுத்தனர் என்பதை இங்கே குறிப்பிடல் வேண்டும். இரண்டே ஆண்டுகளில் அந்தத் தாய்மார், போர்வீரர் வருவதை அயலவருக்கு அறிவிக்கும் பொருட்டுக் குப்பைத்தொட்டி மூடிகளைத் தெருவிற் தட்டி ஓசை எழுப்பலாயினர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

1971 ஆகஸ்ட் 9ஆம் திகதி அதிகாலையில் இராணுவத்தினர் வீடு வீடாகப் புகுந்து 342 பேரைக் கைதுசெய்தனர். விசாரணையின்றித் தடுத்துவைக்கும் திட்டம் அன்று தொடங்கிற்று. பொலிஸார் கொடுத்த பெயர்ப்பட்டியல் பழையது. தேடப்பட்டவர் பலர் முன்னரே தப்பிவிட, சம்பந்தமற்றோர் பலர் அகப்பட்டனர். வன்செயலில் ஈடுபட்ட புரட்டஸ்தாந்தக் குழுவினர் ஒருவரேனும் அன்று கைதாகவில்லை. 1975 டிசம்பரில் இத்திட்டம் முடிவுறும்வரை 1,981 பேர் தடுத்துவைக்கப்பட்டனர்; அவர்களுள் 107 பேரே மறுதரப்பினர்.

பிடிபட்டவர்களுட் சிலரைத் தனியே கொண்டுசென்று, தலையை உறையால் மூடி, சுவரிற் கைகளை ஊன்றிப் பல மணி நேரம் நிற்கவைத்து, இடையறாத இரைச்சலைக் கேட்கச் செய்து, உறக்கமும் உணவும் நீரும் மறுத்து விசாரித்தனர். இம்முறைகளை இனிக் கையாள்வதில்லை என்று 1972இற் பிரதம மந்திரி ஹீத் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது மனிதத் தன்மையற்ற இழிவான நடத்தை என்று 1978இல் தீர்ப்பளித்தது. சித்திரவதை என்று அன்று கூறவில்லை. பிரித்தானிய உயர் நீதிமன்றமோ 2021இல், இக்காலத்து அளவுகோலின்படி அது சித்திரவதையே எனக் கருதப்படும் என்று கூறிற்று. செயல் மாறவில்லை, அதனை அளக்கும் கோல் மாறியது.

தடுப்புக்காவல் அமைதியைக் கொணர்ந்ததா? இல்லை. 1971இன் முதல் ஏழு மாதங்களில் மாண்டோரைக் காட்டிலும், எஞ்சிய மாதங்களில் மாண்டோர் பன்மடங்காயினர். 1972 ஜனவரி 30ஆம் திகதி, டெரி நகரில் தடுப்புக்காவலைக் கண்டித்து ஊர்வலம் சென்றவர்கள்மீது இராணுவத்தினர் சுட்டனர். 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற ஒருவர் பின்னர் மாண்டார். அவ்வாண்டே வட அயர்லாந்தின் துயர வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட ஆண்டு. ஐரிஷ் குடியரசுப் படையிற் சேர இளைஞர்கள் திரண்டனர். ஆயுதம் ஏந்தியவரைப் பிடிக்க விரித்த வலை, ஆயுதம் ஏந்தாதவரையும் அப்பக்கம் தள்ளிவிட்டது.

எட்டு நாளில் ஒரு சட்டம்

இங்கிலாந்தின் பொதுமக்களோ இவற்றைக் கடலுக்கு அப்பால் நடக்கும் சண்டை என்றே நெடுநாள் கருதியிருந்தனர். 1974 நவம்பர் 21ஆம் திகதி வியாழக்கிழமை இரவு அந்நிலை மாறிற்று. பேர்மிங்காம் நகரின் மத்தியிலுள்ள இரண்டு மதுச்சாலைகளில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. எச்சரிக்கை செய்த தொலைபேசிச் செய்தி சில நிமிடங்களுக்கு முன்னரே வந்தது. மக்களை வெளியேற்ற நேரம் இருக்கவில்லை. 21 பேர் உயிரிழந்தனர். 180க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவருட் பெரும்பாலார் இளைஞரும் யுவதியருமாவர். ஐரிஷ் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சகோதரர் இருவரும் அவர்களுள் இருந்தனர்.

நாடு கொதித்தெழுந்தது. எட்டே நாட்களில், நவம்பர் 29ஆம் திகதி, பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றம் இரவிரவாகக் கூடி, வாக்கெடுப்பேயின்றி அதனை நிறைவேற்றிற்று. சந்தேகத்தின்பேரிற் பிடிக்கப்பட்டவரைப் பொலிஸார் 48 மணி நேரமும், உள்நாட்டு மந்திரியின் அனுமதியோடு மேலும் ஐந்து நாட்களும் நீதிபதி முன் நிறுத்தாது தடுத்துவைக்கலாம். ஒருவரைப் பெரிய பிரித்தானியாவிலிருந்து வெளியேற்றலாம். ஐரிஷ் குடியரசுப் படை தடைசெய்யப்பட்டது. இவையே அதன் முக்கிய ஏற்பாடுகள்.

சட்டத்தைக் கொண்டுவந்த உள்நாட்டு மந்திரி ரோய் ஜென்கின்ஸ் ஒரு தாராளவாதி. இவ்வதிகாரங்கள் கடுமையானவை, சமாதான காலத்தில் இதற்கு முன் கண்டிராதவை என்று அவரே ஒப்புக்கொண்டார். சட்டத்தின் ஆயுள் ஆறு மாதம் எனப்பட்டது. ஆறு மாதம் முடிந்தது, நீடிக்கப்பட்டது. 1976, 1984, 1989 ஆகிய ஆண்டுகளில் அது திரும்பவும் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நிரந்தரமானதொரு பயங்கரவாதச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே பழைய தற்காலிகச் சட்டம் நீங்கிற்று. ஆறு மாதக் குழந்தை இருபத்தைந்து வயதைத் தாண்டி வாழ்ந்தது! ஜென்கின்ஸ் பிற்காலத்தில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில், சட்டத்தைக் கொண்டுவந்ததற்காகத் தாம் வருந்தவில்லை எனினும், இரு தசாப்தங்களுக்கு அது நீடிக்கும் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் திடுக்கிட்டிருப்பேன் என்று குறிப்பிட்டார்.

அயலவரின் மௌனம்

சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத தண்டனை ஒன்றும் அந்நாட்களில் வழங்கப்பட்டது. பேர்மிங்காம் நகரில் ஐரிஷ் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். வீதிகள் அமைத்தவர்கள், மருத்துவமனைகளில் நோயாளரைப் பராமரித்தவர்கள், தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் அவர்கள். குண்டு வெடித்த மறுநாளே தொழிற்சாலைகளில் ஐரிஷ்காரருக்கு எதிராக வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஐரிஷ்காரரின் கடைகளும் மன்றங்களும் தாக்கப்பட்டன. தம் பேச்சின் தொனி தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுமென்று அஞ்சி, பலர் பஸ்ஸிலும் கடையிலும் வாய்திறவாதிருந்தனர். அந்நகரில் ஆண்டுதோறும் நடைபெற்ற பரிசுத்த பத்திரிக்குத் திருநாள் ஊர்வலம் நின்றுபோயிற்று. 1996ஆம் ஆண்டுவரை அது மீண்டும் நடைபெறவில்லை.

சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டவருட் பெரும்பாலார், குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். விடுதலை ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். ஆனால் இரவிற் பொலிஸ் வண்டி வந்து நின்ற வீட்டை அயலவர் அதன்பின் எவ்வாறு பார்ப்பர் என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சீட்டுக்கட்டும் சாட்சியமும்

குண்டுவெடிப்பு நடந்த இரவில், பெல்பாஸ்ட் நகருக்குச் செல்லும் கப்பலை நோக்கி ஐரிஷ்காரர் ஐவர் ரயிலிற் பிரயாணஞ் செய்தனர். துறைமுகத்தில் அவர்களும், பின்னர் நகரில் ஆறாமவரும் கைதாயினர். அவர்களது கைகளிற் செய்த இரசாயனப் பரிசோதனை வெடிபொருளைத் தொட்டதைக் காட்டுகின்றது என்று நிபுணர் சாட்சியங் கூறினார். அவர்களிற் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையொப்பமும் இட்டிருந்தனர். அடித்துத் துன்புறுத்தியே அவ்வொப்பத்தைப் பெற்றனர் என்று நீதிமன்றத்தில் அவர்கள் முறையிட்டும் பயனில்லை. 1975 ஆகஸ்டில் அறுவரும் ஆயுட் சிறைத்தண்டனை பெற்றனர். நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

1980இல், தம்மைத் தாக்கியதற்காகப் பொலிஸார்மீது அவர்கள் வழக்குத் தொடர முனைந்தபோது, புகழ்பெற்ற நீதிபதி டெனிங் பிரபு அதனைத் தடுத்தார். அவர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அறுவரும் வென்றால், பொலிஸார் வன்முறை செய்து பொய்ச்சாட்சியமும் கூறினர் என்றாகிவிடும். அதனை எண்ணிப் பார்ப்பதே கொடுமையாதலின் வழக்கு மேற்செல்லலாகாது என்பதே அவர் கருத்து. உண்மை கசப்பாயிருக்கக்கூடும் என்பதற்காக உண்மையைத் தேடுவதையே நிறுத்திவிட்டார்கள்!

ஆயினும் தேடுவோர் சிலர் இருந்தனர். 1985இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அந்த இரசாயனப் பரிசோதனையை மீண்டும் ஆராய்ந்தது. சீட்டுக்கட்டின் மேற்பூச்சைத் தொட்ட கையிலும் அதே விடை தோன்றும் என்று அதிற் காட்டப்பட்டது. அன்றிரவு ரயிலில் அவர்கள் பொழுதுபோக்கச் சீட்டு விளையாடிச் சென்றிருந்தனர்! பத்திரிகையாளராயிருந்து பின்னர் பாராளுமன்றம் புகுந்த கிறிஸ் மலின் 1986இல் இவ்வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்பொழுதும் எதிர்ப்பே மிகுதியாயிருந்தது. 1988இன் தொடக்கத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அறுவரின் மனுவைத் தள்ளிற்று. ஆனால் பொதுமக்கள் மனத்திற் புகுந்த ஐயம் நீங்கவில்லை.

1974 அக்டோபரில் கில்ட்போர்ட் நகரில் ஐவரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புக்காகவும் நால்வர் ஆயுட் சிறையில் இருந்தனர். அக்குண்டை வைத்தவர்கள் தாமே என்று வேறொரு வழக்கிற் பிடிபட்ட குடியரசுப் படையினர் 1977இலேயே கூறியிருந்தும், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. கர்தினால் பசில் ஹியூம் போன்ற பெரியோரும் இவ்விடயத்தில் முன்நின்று முயன்றனர். பொலிஸாரின் விசாரணைக் குறிப்புகள் நம்பத்தகாதவை என்பது வெளிவரவே, 1989 அக்டோபர் 19ஆம் திகதி நால்வரும் விடுதலையாயினர். 1991 மார்ச் 14ஆம் திகதி பேர்மிங்காம் அறுவரும் 16 ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தனர். கில்ட்போர்ட் வழக்கோடு தொடர்புடைய இன்னொரு வழக்கில் ஒரு குடும்பத்தாரும் நண்பரும் சேர்ந்து எழுவர் தண்டிக்கப்பட்டிருந்தனர். அத்தீர்ப்பும் 1991இல் நீக்கப்பட்டது. ஆனால் அவர்களுள் ஒருவர் 1980இலேயே சிறைவாசத்தின்போது உயிர்நீத்துவிட்டார்.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளல் நன்று. 1974 டிசம்பரில், மக்களின் கோபம் உச்சத்தில் இருந்தபோது, பயங்கரவாதிகளுக்குத் தூக்குத்தண்டனை வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. அன்று அது வென்றிருப்பின், 1989இலும் 1991இலும் சிறைக்கதவைத் திறந்து விடுவிக்க உயிரோடு எவரும் இருந்திருப்பரோ?

அநீதிக்கு ஆளானவர்கள் சிறையில் இருந்தோர் மட்டுமல்லர். பேர்மிங்காமில் மகனையும் மகளையும் இழந்த பெற்றோர், குற்றவாளி தண்டிக்கப்பட்டான் என்று 16 ஆண்டுகள் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையும் பொய்த்தது. உண்மையிற் குண்டு வைத்தவர் எவரும் இக்கொலைகளுக்காக நீதிமன்றத்திற் தண்டிக்கப்படவில்லை. அவசரத்திற் குற்றமற்றவனைப் பிடிக்கும் கை, குற்றவாளியைத் தப்பவிடுகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வழக்குகள் மக்கள் மனத்தை மாற்றின. அறுவர் விடுதலையான அன்றே, குற்றவியல் நீதிமுறையை ஆராய அரச ஆணைக்குழு அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பயனாக, தவறான தீர்ப்புகளை மீள ஆராயும் தனி ஆணைக்குழு 1997இற் செயற்படத் தொடங்கிற்று.

மறைத்த குரல்

அரசியலிலும் மாற்றம் எளிதில் வரவில்லை. 1981இற் சிறையிலிருந்த குடியரசுப் படையினர், தம்மை அரசியற் கைதிகளாக நடத்தவேண்டுமென்று உண்ணாவிரதம் இருந்தபோது, பிரதம மந்திரி திருமதி மார்கரட் தட்சர் இணங்கவில்லை. பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் முதல்வரான பொபி சான்ட்ஸ், மரணத்துக்கு முன்பே பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். 1984இற் பிறைட்டன் நகரிற் தட்சர் அம்மையார் தங்கிய ஹோட்டலிற் குண்டு வெடித்து ஐவர் மாண்டனர், அவர் தப்பினார்.

1988 அக்டோபரில், சின் பெயின் கட்சியினர் முதலானோரின் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பலாகாது என்று அரசாங்கம் தடைவிதித்தது. விளைந்தது என்ன? அக்கட்சித் தலைவர் ஜெரி அடம்ஸ் திரையில் வாயசைப்பார். அவருடைய சொற்களை நடிகர் ஒருவர் பின்னிருந்து பேசுவார். பார்த்தவர்கள் நகைத்தனர். 1994இல் அத்தடை நீக்கப்பட்டது.

1993 மார்ச்சில் வாரிங்டன் நகரக் கடைத்தெருவிற் குண்டுகள் வெடித்து, மூன்று வயதும் பன்னிரண்டு வயதுமான சிறுவர் இருவர் பலியாயினர். இம்முறை பழிவாங்கும் கூக்குரலினும், “போதும்” என்ற குரலே ஓங்கிற்று. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலும் பெருங்கூட்டம் கூடி இக்கொலையைக் கண்டித்தது. மகனை இழந்த பெற்றோர் இருவர் பின்னர் சமாதானத்துக்காக ஒரு நிலையத்தையே நிறுவினர். அவ்வாண்டு இறுதியில், அரசாங்கம் குடியரசுப் படையோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்த செய்தி வெளியாயிற்று. ஜெரி அடம்ஸுடன் பேசுவதை நினைத்தாலே வயிற்றைக் குமட்டும் என்ற பொருள்படப் பிரதம மந்திரி ஜோன் மேஜர் பாராளுமன்றத்திற் கூறிச் சில வாரங்களே ஆகியிருந்தன! ஆயினும் அச்செய்தி அரசாங்கத்தைக் கவிழ்க்கவில்லை. பேசுவதே வழி என்று மக்கள் மனமும் அதற்குள் முதிர்ந்திருந்தது.

1998 ஏப்ரல் 10ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்களில் நூற்றுக்கு 71 பேர் அதனை ஏற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில், உடன்படிக்கையை எதிர்த்த பிரிவினர் ஓமா நகரில் வைத்த குண்டு 29 பேரைக் கொன்றது. ஆயினும் சமாதானம் முறியவில்லை. ஏறக்குறைய 3,500 உயிர்களைக் குடித்த நெருப்பு அணையத் தொடங்கிற்று. டெரி நகர ஊர்வலத்தில் நடந்த கொலைகளை ஆராய்ந்த இரண்டாவது விசாரணையின் அறிக்கை 2010இல் வெளிவந்தபோது, பிரதம மந்திரி டேவிட் கமெரன் அச்செயலுக்கு எவ்வித நியாயமும் இல்லையென்று கூறி, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். அதற்கு 38 ஆண்டுகள் சென்றன.

புதிய அச்சம், பழைய வழி

பாடம் கற்றாயிற்று என்று எண்ணுமுன்னே, 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தன. அவ்வாண்டு முடியுமுன், சந்தேகத்துக்குரிய வெளிநாட்டவரை விசாரணையின்றிக் கால எல்லையற்றுத் தடுத்துவைக்கும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது. ஐரிஷ்காரர் நின்ற இடத்தில் இப்பொழுது முஸ்லிம்கள் நின்றனர்.

ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. 2004 டிசம்பரில், பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒன்பதின்மரில் எண்மர், அச்சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். 2005 ஜூலை 7ஆம் திகதி லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். இரு வாரங்களின் பின், பயங்கரவாதியென்று தவறாக எண்ணி, குற்றமற்ற பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவரைப் பொலிஸார் நிலக்கீழ் ரயிலிற் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு நவம்பரில், சந்தேகநபரை 90 நாட்கள் தடுத்துவைக்கும் அதிகாரம் வேண்டுமென்று பிரதம மந்திரி டொனி பிளேயர் கேட்டார். கருத்துக்கணிப்புகளிற் பெரும்பான்மையோர் அதனை ஆதரித்தனர். ஆயினும் பாராளுமன்றம் 322க்கு 291 என்ற வாக்குகளால் மறுத்து, 28 நாட்களுக்கே இணங்கிற்று. 1974இல் வாக்கெடுப்பேயின்றிச் சட்டம் இயற்றிய அதே சபை இது! 2011இல் அக்காலம் 14 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

காரணமேதும் இன்றித் தெருவில் எவரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரமும் அவ்வாறே குறைந்தது. 2009-2010 காலப்பகுதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தியும், பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவரேனும் அகப்படவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் அதனைக் கண்டிக்கவே, அவ்வதிகாரம் கைவிடப்பட்டது.

எல்லாம் சீராகிவிட்டன என்று நாம் கூறவரவில்லை. தீவிர எண்ணத்துக்கு இளைஞர் ஆளாவதைத் தடுக்கும் கடமையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விதித்தது. ஆசிரியர் மாணவனைப் பேணுபவரா, கண்காணிப்பவரா என்ற வினா அதனால் எழுந்தது. அச்சம் வரும்போதெல்லாம் கடுஞ்சட்டத்தை நாடும் வழக்கம் அந்நாட்டை விட்டு நீங்கவில்லை. ஆனால் அச்சட்டத்தை நிறுத்திக் கேள்வி கேட்கும் பழக்கம் வளர்ந்திருக்கின்றது. அதுவே அவர்கள் பெற்ற பயன்.

நாம் எண்ணவேண்டியது

வெடிகுண்டு வைப்பவனைத் தண்டித்தல் அரசின் கடமை. கடைத்தெருவிற் பிள்ளையை இழந்த தாய்க்கு முன் நின்று, சட்டமே வேண்டாம் என்று கூற எவர்க்கும் நாவெழாது. ஆனால் அச்சத்தின் வேகம் வேறு, உண்மையின் வேகம் வேறு. அச்சம் எட்டு நாளில் ஒரு சட்டத்தைச் செய்தது. உண்மை வெளிவரப் 16 ஆண்டுகள் பிடித்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டைக் காத்தவர்கள் விடாது வினவிய சிலரே: ஒரு பத்திரிகையாளர், ஒரு சமயப் பெரியார், சில வழக்கறிஞர், சிறைவாயிலில் ஆண்டுக்கணக்காகக் காத்துநின்ற குடும்பத்தார்.

இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இலங்கையில் 1979 ஜூலையில் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமும், அதே பெயரோடு, ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற அதே அடைமொழியோடு வந்தது. அதற்கு மூன்று ஆண்டு ஆயுள் குறிக்கப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 40 ஆண்டுகள் சென்று, 2022இல் அதிற் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. அதன் கீழ்ப் பிள்ளைகளைப் பிரிந்திருந்த வீடுகள் எத்தனை என்பதை நம் வாசகர் பலர் அறிவர்.

பேர்மிங்காம் நகரின் ரயில் நிலையத்துக்கு வெளியே, 2018ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி, உருக்கினாற் செய்த மூன்று மரங்கள் நினைவுச் சின்னமாகத் திறந்துவைக்கப்பட்டன. குண்டுவெடிப்பில் மாண்ட 21 பேரின் பெயர்களும் அவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சின்னத்தை அமைக்க முன்நின்றவர்கள் அந்நகரின் ஐரிஷ் சங்கத்தினர். ஒருகாலத்தில் தெருவில் வாய்திறக்க அஞ்சியிருந்த சமூகத்தார், இறந்தவர் அனைவரையும் தம்மவராகவே எண்ணி அதனைச் செய்தனர். 44 ஆண்டுகளுக்கு முன், அந்த இரவின் மறுநாள், தொழிற்சாலை வாயிலில் நின்று அவர்களைத் தூற்றியவர்களுக்கு இதனை எவரேனும் கூறியிருந்தால் நம்பியிருப்பரா?